செவ்வாய்க்கிழமை யார் முறை

ஈச்சங்குப்பம்,
6.7.2025

அன்புள்ள தமிழினிக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு முட்டிவலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் வேளைக்கு மாத்திரை கொடுக்கிற நீ, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. உள்ளே ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து வேண்டும்.

நம் ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது கண்ணு! ஹைவேக்கு இந்தப் பக்கமே. இனி ஒரு பிள்ளையும் ரோட்டைத் தாண்ட வேண்டாம். எட்டு வருஷம் நான் ஆபீஸ் ஆபீசாக மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஷூ கம்பெனிக்காரிக்கே செருப்பு தேய்ந்துபோச்சு என்று ஊரில் ஒரே கேலி.

பெயர் என்ன வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். தலைவர் ரத்தினசாமி எழுந்து, "பூவம்மா பேருதான். வேற இன்னா பேச்சு?" என்றார். ஒருத்தரும் மறுக்கவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறுமுன் சிவப்புக் கொடியோடு நடுரோட்டில் நின்று, லாரியை நிறுத்திப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டவள் உன் அம்மா. கடைசி நாளிலும் பதினேழு பிள்ளைகளையும் கரை சேர்த்துவிட்டுத்தானே தான் மட்டும் அடிபட்டுப் போனாள்.

குடும்பத்தாரின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். உன் அப்பாவும் முன்பே போய்விட்டார், வாரிசு என்றால் நீ ஒருத்திதான். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்குள் அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா. நீ இந்த வீட்டுப் படி ஏறி இரண்டு பொங்கல் ஆயிற்று. நாலு வருஷம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கின பெண்ணுக்கு இவ்வளவு பிகு ஆகாது.

உன்
ஹேமா சின்னம்மா

*

கோயம்புத்தூர்,
13.7.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன். முட்டிக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தடவுங்கள்.

தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். அம்மா பேர் வேண்டாம். உங்கள் பேரை வைக்கட்டும். ரத்தினசாமி மாமா போன் செய்து, "நீ வேணாம்னா ஹேமலதா பேரை வச்சிடுறோம்மா" என்றார். அதுதான் சரி என்று சொல்லிவிட்டேன். திங்கள், புதன், வெள்ளி அம்மா நின்றால், செவ்வாய், வியாழன் நீங்கள் நின்றீர்கள். அம்மா போன பிறகு வாரம் முழுக்க நீங்களே நின்றீர்கள். பள்ளிக்கூடம் வாங்கித் தந்ததும் நீங்கள். என்னை வளர்த்ததும் நீங்கள்.

அம்மாவைத் தெய்வம் போல எல்லாரும் பேசும்போது எனக்கு அங்கே உட்கார முடிவதில்லை. பொங்கலுக்கு வராததும் அதனால்தான். அன்று அம்மா பாதி பின்னிய தலையோடு ஓடினாள். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

அன்பு மகள்
தமிழினி

*

ஈச்சங்குப்பம்,
20.7.2025

தமிழினி,

தைலம் வந்தது. தடவுகிறேன். ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து கம்பெனியில் லைனில் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் பேரா? பள்ளிக்கூடத்துக்கா? ஐயோ, வேண்டாம்மா.

அம்மா போனது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என் முறை. ஊரே அழுதது, ஒருத்தராவது "இன்னிக்கி ஹேமா மொறையாச்சே" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காய்ச்சல் என்று சொல்லியிருப்பேன். முந்தின நாள் சாயங்காலம் உன்னிடம் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். "சின்னம்மாவுக்கு ஜுரம், நாளைக்கு நீயே பாத்துக்கோன்னு அம்மாகிட்ட சொல்லுடி" என்று கொடியையும் உன் கையில் கொடுத்தேன்.

ஜுரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் காலை கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உன் அம்மாவும் ரொம்ப நாளாக அதற்கு ஆசைப்பட்டாள். அன்றைக்குத்தான் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவளும் வருவாள். அவள் தையல் என் தையலைவிடச் சுத்தம், அவளைத்தான் எடுப்பார்கள். அதனால் அவளை ரோட்டில் நிற்கவைத்துவிட்டு நான் போனேன். வேலை கிடைத்தது. இன்றைக்கும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது சொல், பள்ளிக்கூடத்துப் பலகையில் என் பேர் இருக்கலாமா? என்னைத் திட்டு. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திட்டு.

ஹேமலதா

*

கோயம்புத்தூர்,
27.7.2025

சின்னம்மா,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் டியூட்டிக்குப் போகவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பியதை நான் அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்தேன், மறந்துவிட்டேன். காலையில் அம்மா தலை பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். "இப்பவாடி சொல்றே? புள்ளைங்க நிக்குமே! கொடி எங்கடி?" என்று கத்தினாள். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. அடி விழும் என்ற பயத்தில், "சின்னம்மாகிட்ட இருக்கும்" என்று பொய் சொன்னேன். அம்மா வெறுங்கையோடு ஓடினாள். நான் என் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிகொண்டா ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.

முதல் பீரியடில் நோட்டை எடுக்கப் பையைத் திறந்தால் உள்ளே கொடி சுருட்டியபடி இருந்தது. அதை வெளியே எடுக்கும்போதே வாட்ச்மேன் வந்து என் பேரைக் கூப்பிட்டார்.

கொடி இருந்திருந்தால் லாரிக்காரன் தூரத்திலேயே பார்த்திருப்பான். அம்மா இருந்திருப்பாள். நீங்கள் அழும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும், சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்று முழுங்கிவிடுவேன். அம்மா பேர் போட்ட பலகைக்குக் கீழே நான் எப்படிச் சின்னம்மா நிற்பேன்?

தமிழினி

*

ஈச்சங்குப்பம்,
3.8.2025

என் கண்ணு,

நாலு தரம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

போன கடிதத்தில் நான் பாதிதான் எழுதினேன். மீதியைச் சாகும்வரை சொல்லக் கூடாது என்றிருந்தேன். பதினாலு வயசிலிருந்து எட்டு வருஷமாக நீ இதைச் சுமந்திருக்கிறாய், அது தெரிந்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

அன்று ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்று முந்தின ஸ்டாப்புக்கு நடந்துபோய் முதல் பஸ்ஸில் ஏறினேன். பஸ் நம் ஊரைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் ரோட்டோரம் நிற்கிறார்கள். பூவம்மா இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று, இந்தப் பெண் சொல்ல மறந்துவிட்டது என்று. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இறங்கியிருந்தால் சூப்பர்வைசர் வேலைதான் போயிருக்கும். "வந்துடுவா, வந்துடுவா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நீ மறந்தவள் தமிழினி. நான் பார்த்தவள். அன்றைக்கு எனக்கு வயசு முப்பத்தாறு.

ரத்தினசாமி அண்ணனிடம் என் பங்கைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பதினைந்தாம் தேதி ஊர் முன்னால் நானே எழுந்து சொல்லப்போகிறேன். உன் பேச்சை எடுக்க மாட்டேன். புதுத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அம்மாவுக்காகக் கையெழுத்துப் போடு.

ஹேமலதா

*

கோயம்புத்தூர்,
10.8.2025

சின்னம்மாவுக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. அம்மா பேரே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து மறுபடி படித்தேன். இத்தனை வருஷம் என் மேல் இருந்த கோபம் எல்லாம் இப்போது உங்கள் மேல் வந்துவிட்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதற்காகவும் உங்கள் மேல் இன்னும் கோபம் வந்தது. அது கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள். வீட்டில் எனக்குப் பாய் போடாதீர்கள், அன்றைக்கே திரும்பிவிடுவேன். கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் நான் எழுந்து என்னுடையதைச் சொல்வேன். கொடி என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டுவருகிறேன்.

தைலம் தீர்ந்திருக்கும். வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன்.

பூவம்மா மகள்
தமிழினி