முத்துசாமி கல்யாணத்தில் நீ பேச வேண்டிய பேச்சு

என் பிரியமுள்ள மச்சான் ராமையாவுக்கு,

பதுளைக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கும் நடையாய் நடந்து ஊரார் கடிதங்களைச் சுமக்கிறவன் நான். உனக்கு ஒரு கடிதம் எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியாத சேதி ஒன்று இருக்கிறது. நம் முத்துசாமிக்கு ஒருவழியாகக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண் யார் தெரியுமா? என் தங்கை வள்ளிதான். உன் வள்ளி.

கோபப்படுவாயா? படமாட்டாய் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அறுத்துக் கட்டுவது நம் ஆட்களுக்குப் புதிதும் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் மூவரும் பதுளை ஓயாவில் குளித்துவிட்டுப் பாறையில் காய்ந்துகொண்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த முத்துசாமி, வெள்ளைக்காரர் கல்யாண விருந்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வான். மாப்பிள்ளையின் சிநேகிதன் கிளாசும் கையுமாக எழுந்து நின்று மாப்பிள்ளையின் மானத்தை வாங்குவானாம். எல்லோரும் சிரித்துவிட்டுக் குடிப்பார்களாம். தன் கல்யாணத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை.

நீ உடனே சிரட்டையில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, பாறைமேல் ஏறி நின்று, நடக்காத கல்யாணத்துக்குப் பேசிக் காட்டினாய். நிஜக் கல்யாணத்திலும் நான்தான் பேசுவேன் என்று வாக்குக் கொடுத்தாய். எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

பிறகு நீ வள்ளியைக் கட்டினாய். மூன்றே வருஷம். காய்ச்சலில் படுத்தவன் நாலாம் நாள் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு முத்துசாமி, வள்ளி இருந்த லயத்து வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபடியே கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். ஆமாம் என்றாள் வள்ளி. ஏறி அடைத்துவிட்டுப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் அதே கேள்வி. இப்படியே எட்டு வருஷம். நடுவில் தோட்டத்தில் எல்லா லயத்துக்கும் புதுத் தகரம் போட்டார்கள். அப்புறமும் இவன் கேள்வி மாறவில்லை. அவன் மனதில் இருந்தது லயத்துக்கே தெரியும். உன்னை நினைத்துத்தான் வாயைத் திறக்காமல் இருந்தான், பாவம். கடைசியில் வள்ளிதான் என்னிடம் வந்து, தனக்குச் சம்மதம், நீங்களே கேட்டுவிடுங்கள் என்றாள்.

தாலி கட்டு கோயிலில் சின்னதாக நடந்தது. முதல் புருஷன் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது, அபசகுனம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு இன்னொரு தரமும் சொன்னார். காலையிலிருந்து உன் பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை. நீ இந்தத் தோட்டத்தில் இருந்ததே இல்லை என்பதுபோல் எல்லோரும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை மச்சான். உன் பேரைச் சொன்னால் தங்கையின் நல்ல நாளைக் கெடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் உன்னை நானே இன்னொரு தரம் புதைத்த மாதிரி.

சாப்பாடு முடிந்ததும் முத்துசாமி என்னைப் பார்த்தான். தேத்தண்ணி டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கூரைக் கதையை எடுத்துவிட்டேன். ஒரு சொட்டு மழை இல்லாத கோடையிலும் வந்து ஒழுகுதான்னு கேட்ட ஒரே ஆள் நம்ம மாப்பிள்ளைதான் என்றேன். பந்தியே குலுங்கியது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

"இது நான் பேச வேண்டிய பேச்சு இல்லீங்க. ராமையா பேச வேண்டியது. வாக்கக் குடுத்துட்டு, வேலைய எந்தலையில கட்டிட்டுப் போயிட்டான்."

பெரியவர்கள் முகம் கறுத்துப்போனது. முத்துசாமி தலையைக் குனிந்துகொண்டான். தங்கையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன்.

வள்ளி மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, அவரு பேசியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழியவழியச் சிரித்தாள். முத்துசாமி எழுந்து உன் பேரைச் சொல்லி டம்ளரைத் தூக்கினான். அப்புறம் ஆளுக்கு ஆள் உன் கதைதான். என்னை எச்சரித்த பெரியவரே இரண்டு கதை சொன்னார்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது, நீ பார்க்கவில்லை. மறுநாள் அதில் ஏறித்தான் இரண்டு பேரும் பண்டாரவளைக்குப் போனார்கள். முத்துசாமிக்கு இனி அங்கே பூனாகலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை. ஏறும்போது அவன் என்னை முதல்தடவையாக மச்சான் என்று கூப்பிட்டான். என்னை அப்படிக் கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தானே. நான் சட்டென்று பின்னால் திரும்பிவிட்டேன், நீ நிற்கிறாயோ என்று.

உன் பேரைச் சொல்லக்கூடாத வீட்டில் இனி நான் கை நனைக்கமாட்டேன். இது சத்தியம்.

யார் எப்படிக் கூப்பிட்டாலும்,
முதலில் உனக்கு மச்சானான
சடையன்