ஒற்றைப் புருவம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ, மாமா, ஜெராக்ஸ் கடை மூவரும் சுகந்தானே? போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் தம்பி பெண்டாட்டி பக்கத்தில் நின்று பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறாள். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

இந்த ஊரில் கிடைத்த வீடு ஆறாவது மாடி, ஒரே அறை. கட்டிலைப் போட்டதும் கதவு முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது. இங்கே தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பின்னால் யாரோ துரத்துகிற மாதிரிதான் நடை. வேலை அதே லிஃப்ட் பழுதுதான். நாள் முழுக்கக் குழிக்குள்ளோ மோட்டார் அறையிலோ தனியாகக் கிடக்கிறேன். மேலே போகிறவர்களுக்கு நான் ஒருவன் இருப்பதே தெரியாது.

இவளோ என் சட்டைக் கையைப் பிடித்தபடியேதான் வெளியே வருகிறாள். கடையில் நான் பேசுவேன், அவள் பின்னால் நின்று “என்னங்க சொன்னாங்க, என்னங்க சொன்னாங்க” என்று நச்சரிப்பாள். வருவதற்கு முன் ஒரு வருஷம் வகுப்புக்குப் போய் இந்த மொழியைப் படித்தது வீண் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு இது பிடித்திருக்கிறது. அங்கே நான் உன் தம்பி. இங்கே ஒருத்திக்காவது நான் பெரிய ஆள்.

உன் தம்பி

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

சட்டைக் கை கிழியாமல் பார்த்துக்கொள். அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்காதே. அவள் கைவேலை தெரிந்தவள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் இப்போது புருவம் திருத்த ஆளில்லாமல் கரடி மாதிரி அலைகிறோம்.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவர் கேட்கவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, சலூனில், புருவத்துக்கு நூல் போடுகிற வேலை. நாற்காலியில் சாய்கிற பெண்கள் வலி மறக்க வாய் ஓயாமல் பேசுகிறார்களாம். அதைக் கேட்டுக் கேட்டே மொழியைப் பிடித்துக்கொண்டாள். நான் புத்தகத்தில் ஒரு வருஷம் முட்டி மோதியதை இவள் இரண்டு மாதத்தில் விழுங்கிவிட்டாள்.

போன வாரம் குழாயில் வெந்நீர் நின்றுபோனது. வீட்டுக்கார அம்மாவிடம் நான் இரண்டு தடவை போய் இலக்கணப்படி பேசினேன். “பார்க்கலாம்” என்றாள். மூன்றாவது தடவை இவள் போனாள். உள்ளே சிரிப்புச் சத்தம். சாயங்காலமே ஆள் வந்துவிட்டான். அந்த அம்மா இவளுடைய வாடிக்கையாம்!

தெருவில் நடந்தால் பழக்கடைக்காரி கூப்பிடுகிறாள், பஸ் டிரைவர் கையசைக்கிறான். முகம் பார்க்காத ஊர் என்று எழுதினேன் அல்லவா? பார்க்கிறார்கள், அக்கா. இவளை மட்டும்.

இப்போது நான் அவள் பின்னால் நிற்கிறேன். “என்ன சொன்னாங்க?” என்று கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது.

தம்பி

ஜூன் 8

அக்கா,

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

சலூனில் இவளுக்கு அடுத்த நாற்காலியில் முடி வெட்டுகிற ஒருவன் இருக்கிறான். இவளுக்கு ‘நூல்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து கடை வாசல் வரை போனேன். அவன் ஏதோ சொன்னான். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடையே சிரித்தது. கண்ணாடிக்கு வெளியே நான் மரம் மாதிரி நின்றேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

வீட்டில் கேட்டேன், “அவன் அப்படி என்ன சொன்னான்?”

“அதை நம்ம மொழியில சொன்னா சிரிப்பு வராதுங்க” என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் எனக்குப் புரியாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது சலூன்காரர்கள் அடுத்த தெருவில் புதுக் கடை திறக்கிறார்களாம். பொறுப்பு இவளிடமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஒரு உதவி செய். முழங்காலில் ஆபரேஷன், மூன்று மாதம் வந்து கூட இரு என்று அவளுக்கு எழுது. உன் பேச்சைத் தட்டமாட்டாள். அவள் திரும்பி வரும்போது சலூனில் அவள் இடத்தில் வேறு யாராவது இருப்பார்கள். பழையபடி ஆகிவிடுவோம்.

தம்பி

ஜூன் 27

டேய்,

என் முழங்காலை விடு. அது உனக்கு என்ன பாவம் செய்தது? நேற்றுகூட இரண்டு கட்டு பேப்பரைச் சுமந்து மாடி ஏறினேன்.

அம்மா போனபின் உன்னைத் தூக்கி வளர்த்த உரிமையில் சொல்கிறேன், உனக்கு வயிறு எரிகிறது. முடி வெட்டுகிறவன் மேல் பழி போடாதே. அவன் இல்லாவிட்டால் பழக்கடைக்காரி; அவளும் இல்லாவிட்டால் அந்த ஊர் நாய் உன் பெண்டாட்டிக்கு வாலாட்டினாலும் உனக்குப் பொறுக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் எரிந்தவள்தான். அவள் நம் வீட்டுக்கு வந்த புதிதில் உன் நாக்குக்கு எவ்வளவு உப்பு என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நீயும் “அக்கா, நீ அடுப்படிக்கு வராதே, அவ பாத்துப்பா” என்றாய். ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் அவளே வந்து, “உட்காருங்க அண்ணி, புருவம் காடாக் கிடக்கு” என்றாள். நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு என் கண்ணுக்கு மேல் குனிந்தாள். கண்ணீர் வழிந்தது. வலியில் வந்ததா வேறா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். அன்றோடு சரி.

வாசலில் நின்று ஒட்டுக்கேட்காமல் உள்ளே போ. எனக்கு எழுதியதை உன் வாயால் அவளிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். சொல்வேனா மாட்டேனா என்று உனக்கே தெரியும்.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். சென்ற வாரச் சனிக்கிழமை, நல்ல கூட்டம். பெண்களுக்கு நடுவில் என் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னங்க, சாவியத் தொலைச்சிட்டீங்களா?”

“புருவம்” என்றேன், தொட்டுக் காட்டி.

முடி வெட்டுகிறவன் கைதட்டினான். அவள் நாற்காலியைச் சாய்த்து, நூலைப் பல்லில் கடித்தாள். அவளால் பதில் பேச முடியாத நேரம் அதுதான் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் முழங்கால் வரைக்கும். நூல் கொஞ்சம் நின்றது. பிறகு ஓடியது, உயிர் போகிற வேகத்தில்.

வலது புருவம் முடிந்ததும் நூலை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “பொய் சொல்லி அனுப்பிட்டு, அதுக்கப்புறம் என் முகத்த எப்படிங்க பாத்திருப்பீங்க?”

என் கழுத்துத் துண்டை உருவி எடுத்தாள்.

“எழுந்திரிங்க. அடுத்த ஆள் காத்திருக்காங்க.”

ஒரு புருவம் வில்லாகவும் ஒன்று புதராகவும் வெளியே வந்தேன். வீட்டில் சோறு மட்டும் கிடைத்தது, பேச்சு இல்லை. புதுக் கடைக்கு ஒப்புக்கொண்டாள் என்பதையே வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நடுவில் ஒன்று நடந்தது. பழுது பார்த்த லிஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஏறிய ஒரு கிழவர், என் முகத்தையே பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். இந்த ஊரில் வேலை விஷயம் தவிர என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. “பாதி வேலையில் என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது” என்றேன், அவர்கள் மொழியில். லிஃப்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதை அவளிடம் சொல்லத் துடித்தேன். எந்த முகத்தோடு சொல்வது?

இன்று ஞாயிறு. காலையில் அவளே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

“இப்படியே ஊர் சுத்தினா யார் செஞ்ச வேலைன்னு கேப்பாங்க. புதுக் கடை பேரு கெட்டுப்போகும். உட்காருங்க.”

உட்கார்ந்தேன். லிஃப்ட் கதையை ஆரம்பித்தேன்.

“ஆடாதீங்க” என்றாள் பல்லிடுக்கில்.

ஆடாமல், உதடு மட்டும் அசையச் சொல்லி முடித்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. பஸ் டிரைவரைப் பார்த்தால் இன்னும் சுருக்கென்கிறது. அவள் சிரிக்கவும் இல்லை, அக்கா. ஆனால் இரண்டு புருவமும் இப்போது ஒரே அளவு. முடித்தபின், சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்தாள்.

உன் தம்பி