தம்பி கொடுத்துவிட்ட அச்சுகள்

ஆகஸ்ட் 2006, வெள்ளி இரவு

பெரிய நட்சத்திரம் வெடிப்பதற்கு முன்பே தன் மேலடுக்குகளை வாயுவாக வெளியே வீசிவிடும் என்று இன்று வகுப்பில் சொன்னேன்.

"அத வச்சே வெடிக்கப்போவுதுன்னு தெரிஞ்சிக்கலாங்களா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சிலதுல தெரியும். பாத்துக்கிட்டே இருக்கணும்."

வீட்டுக்கு வந்தால், தம்பி தன் பீங்கான் பொம்மை அச்சுகளைக் கம்பெனியில் உடன் வேலை பார்த்தவனிடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரையும் தொடவிடாத அச்சுகள். கம்பெனி மூடிய பிறகு சைக்கிளைக் கொடுத்தான், நேற்று வாட்ச்.

"இனிமே எனக்கு எதுக்குக்கா?" என்று சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதமாயிற்று.

அவன் அறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துவிட்டேன். வாசலை அடைத்துப் பாய் போட்டிருக்கிறேன். உள்ளே இருமுகிறான். இருமட்டும். விடியும்வரை இருமிக்கொண்டே இருக்கட்டும்.