கிலுகிலுப்பைக்கும் உனக்கும் ஒரே வயது

அக்கா,

இப்படித்தான் தொடங்க வருகிறது. வேறு எப்படிக் கூப்பிடலாம் என்று காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வாயும் வரவில்லை, கையும் வரவில்லை.

சிம்பாங் பூலாயில் உன் வீட்டைக் காலி செய்யப் போன என் மகள், நேற்று உன் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. உன் சேலையில் எப்போதும் இருக்கும் வாசனை அது. உள்ளே உன் மூக்குக் கண்ணாடி, கோயில் விபூதிப் பொட்டலம், அவற்றுக்கு அடியில் அந்தக் கிலுகிலுப்பை. மஞ்சள் தலை, பச்சைக் கைப்பிடி, கைப்பிடி முழுக்கச் சுற்றிய சிவப்பு நூல். எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினேன். உள்ளே மணி உருளும் சத்தத்தோடு நூலும் இற்று என் கையிலேயே உதிர்ந்தது. நான் பிரிக்கவில்லை அக்கா, சத்தியமாகப் பிரிக்கவில்லை. நூல் தானாக விட்டுவிட்டது.

நூலுக்கு அடியில் பிளாஸ்டிக்கில் அச்சு விழுந்த எழுத்து. பூதக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. கொட்டை எழுத்தில் ‘மலேசியா’ என்று இருந்தது.

"என்னப்பா, மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு?" என்று மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பெங் கல்காரர் உன் சமாதிக் கல்லைத் தயார் செய்துவிட்டு, பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டுவதற்காக என் பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்த வருடம் எது என்று ஒரு நிமிடம் முன்புவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நம் நாட்டுக்கு மலேசியா என்று பெயர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு பிறந்தவன் நான். உன் அடையாளக் கார்டின்படி நீ எனக்கு இரண்டு வயது மூத்தவள். அப்படியானால் நீ பிறந்தபோது மலேசியா என்று ஒரு நாடே கிடையாது, மலாயாதான். உன்னைப் பெற்ற அம்மா, நீ பிறந்த வாரத்தில் பீடோர் கடையில் புதிதாக வாங்கிய கிலுகிலுப்பை இது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதில் இந்தப் பெயர் எப்படி வந்தது?

பழைய பொம்மைகளுக்கு வயது சொல்வதில் ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று பீற்றிக்கொண்டவன் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அங்கே ஒரு பாய் விரித்துக் கடை போட்டேன். உன் வீட்டுக்காரர் போன பிறகு நீயும் வந்து, சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியில், பால் சேர்க்காத கோப்பி ஓ பொட்டலத்தைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய். தகரக் கார், கண் மூடித் திறக்கும் பொம்மை, பள்ளிக்கூட பேட்ஜ் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், அடியைப் பார்க்க வேண்டும் என்பேன்.

ஒருநாள் ஒருவர் தகர ரயில் ஒன்றைக் கொண்டுவந்து, ஜப்பான்காரன் வருவதற்கு முன்னே தன் தாத்தா வாங்கியது என்றார். திருகாணித் தலையைப் பார்த்தேன், கம்பெனி முகவரியில் இருந்த, பிற்காலத்தில் வந்த அஞ்சல் எண்ணைப் பார்த்தேன். "இது ஒங்களுக்கு மீசை மொளைச்சப்புறம் வந்த சாமான், அண்ணே," என்றேன். அவர் முகம் தொங்கிப் போயிற்று. அவர் போனதும் நீ என்னைக் கடிந்துகொண்டாய்.

"பாவம்லா தம்பி. கொஞ்சம் கூட்டிச் சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?"

"வயசுல மட்டும் நான் பொய் சொல்ல மாட்டேன்," என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் கோப்பி மடியில் கொட்டியது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஒப்பிக்கும் பாட்டு ஒன்று உண்டே, நீ வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து சொல்வாயே: அடியில் மலாயா என்றிருந்தால் எனக்கு மூத்த சாமான், மலேசியா என்றிருந்தால் எனக்கு இளைய சாமான். "நாடு எனக்குத் தம்பி, நான் இந்த அக்காவுக்குத் தம்பி," என்று உன்னைக் கைகாட்டி முடிப்பேன். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ கோப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அதற்குப் பிறகுதான் கிலுகிலுப்பையின் கைப்பிடியில் சிவப்பு நூல் ஏறியது. உன் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். பிடி வெடித்திருக்கிறது என்றாய். கொடு, அதற்கும் வயது பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன்.

"வேணாம். தானம் கொடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாது. அதுக்கும் எனக்கும் ஒரே வயசு, போதுமா?"

போதும் என்றுதான் நானும் விட்டுவிட்டேன். நீ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான் என் கதை.

நேற்றிலிருந்து நானே எனக்கு எதிர்வாதம் செய்துகொண்டிருக்கிறேன். உன் அம்மா அதைப் பிறகு வாங்கியிருக்கலாம், நீ விவரம் தெரியாமல் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் மஞ்சள் தலையின் ஓரத்தில் அந்தப் பல் தடம் இருக்கிறதே. அரிசி மணி அளவில் இரண்டே இரண்டு குழி. கீழே முதல் பல் இரண்டு மட்டும் முளைத்த கைக்குழந்தை கடித்த தடம் அது. வாய் நிறையப் பல் இருக்கிற பிள்ளை கடித்தால் அப்படி விழாது. அது உன் பல் என்று உன் அம்மா சொன்னதாகச் சின்ன வயதில் நீயே உன் சுண்டுவிரலை அதன்மேல் வைத்துக் காட்டியிருக்கிறாய். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. நீ எனக்கு மூத்தவள் இல்லை. நீ என் தங்கை.

நீ வந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அப்பா சைக்கிளை நம் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பின்னால் நீ உட்கார்ந்திருந்தாய், பாவாடை மடிப்பில் இந்தக் கிலுகிலுப்பை. அப்பாவின் கூட்டாளியும் அவர் மனைவியும், உன்னைப் பெற்றவர்கள், பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்து, நீ தனியாக நின்ற சங்கதியெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"இனிமே இது ஒனக்கு அக்கா. சொல்றத கேட்டு நடக்கணும்," என்றார் அப்பா.

"எத்தன வயசு?" நான் உன்னைத்தான் கேட்டேன். நீ அப்பாவைப் பார்த்தாய்.

"பதினொண்ணு," என்றார் அப்பா.

நீ என்னைவிட அரை சாண் உயரமாக இருந்தாய், எனக்கு அது போதுமானதாக இருந்தது. நீ சிரித்தபோது மேலே முன்பல் இரண்டும் பாதிதான் தெரிந்தன. கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று அதற்கும் அப்பாவே பதில் சொன்னார். அடுத்த தீபாவளிக்குள் இரண்டும் முழுசாக வளர்ந்து நின்றன. உடைந்த பல் எந்த ஊரில் வளர்கிறது அக்கா? அது வளர்வதை ஒரே பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பள்ளியில் உன்னை எனக்கு ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். பதினொரு வயதில் வாய்ப்பாடு தெரியவில்லை என்று லயமே உன்னை மக்கு என்றது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதெல்லாம் உனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அப்பா ஏன் கூட்டிச் சொன்னார் என்று யோசிக்க வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பெரியவர்கள் வாயில் வந்ததுதான் வயது. இரண்டு மூன்று கூட்டிச் சொன்னால் சீக்கிரம் தோட்ட வேலைக்குப் பெயர் பதியலாம். அப்படிக் கூட்டி எழுதியதால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட பெரியவர்களைச் சொல்லி நீயும் நானும் எவ்வளவு சிரித்திருக்கிறோம். அப்பா கெட்டவர் இல்லை. புதிதாக ஒரு வயிறு வந்தது, அதோடு இரண்டு கையும் வந்தால் நல்லது என்று நினைத்திருப்பார். ஆனாலும் நேற்று அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சுச் சளி முற்றி, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போக முடியாமல் போனது. இரண்டு பேரில் ஒருவர் பள்ளிக்கூடத்தை நிறுத்த வேண்டும் என்றாயிற்று. நான் போகிறேன் என்று சொல்லித்தான் பார்த்தேன்.

"மூத்தவ நான் இருக்கறப்ப நீ எதுக்குடா? போய்ப் படி," என்றாய்.

கார்டில் உனக்குப் பதினாலு. உண்மையில் பதினொன்றுகூட நிறைந்திருக்காது. பால் வாளி முழங்காலில் இடித்து இடித்துக் கால் கன்றிப்போய் வருவாய். அந்த வருடம் நான் உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டேன். அக்கா ஏன் வளரவே மாட்டேன் என்கிறாள் என்று கேலி செய்தேன். மூத்தவர்கள் இளையவர்களைத் தூக்கிவிடுவது வழக்கம்தானே என்று நிம்மதியாகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். என் தங்கை மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்திருக்கிறாள். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன்மேல் கோபமும் வருகிறது. அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய பிறகாவது சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயது சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, ஒரு வார்த்தை வரவில்லையா உனக்கு? மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப பெரியத்த எனக்குச் சின்னத்தையாப்பா?" என்று கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு அவளும் அழுதுவிட்டாள்.

வயது பார்த்தே பழகியவனுக்கு இதையும் பார்க்காமல் விட முடியவில்லை: உனக்கு எப்போது தெரிந்தது? என் கடையில், நான் ஒப்பிக்கும் பாட்டைக் கேட்டுத்தான் கண்டுபிடித்திருப்பாய், பிறகுதான் நூலைச் சுற்றியிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். இன்று காலை தீபாவளி நினைவுக்கு வந்தது. அதிலிருந்துதான் இந்தக் கடிதம்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அப்பா அம்மா காலில் விழுந்த பிறகு உன் காலில் விழுவேன். ஒரு வருடமும் நீ என்னை முழுதாக விழ விட்டதில்லை. பாதி குனியும்போதே தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவாய். "போதும்லா, எந்திரி," என்று விபூதி பூசுவாய். பூசி முடித்ததும் நீ குனிவாய். "வேட்டிக் கரை கோணலா இருக்கு பாரு," என்று என் பாதத்தின் மேல் கைபடக் கரையை இழுத்துவிடுவாய். நிமிர்ந்ததும் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். சாம்பிராணிப் புகை என்பாய்.

எனக்கு வேலை கிடைத்த முதல் தீபாவளியிலிருந்து அப்படித்தான். சந்தைக் கடையெல்லாம் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பு. ஒரு வருடம் அவசரத்தில் வேட்டி கட்டாமல் காற்சட்டையோடு வந்து நின்றேன். அன்றைக்கும் குனிந்தாய். "என்னக்கா?" என்றேன். "ஏதோ தூசுலா," என்றாய். உன் கையில் தூசு எதுவும் இல்லை. அப்போதும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

ஆரம்பத்திலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கிறது. மூத்தவளாக நின்று எனக்கு விபூதி பூசினாய். அதே மூச்சில் குனிந்து, இளையவள் அண்ணனுக்குச் செய்ய வேண்டியதையும் செய்து முடித்திருக்கிறாய். வருடம் தவறாமல், என் கண் முன்னாலேயே. நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மத்தியானம் கல்காரர் மறுபடியும் போன் செய்தார். "அண்ணே, பொறந்த வருசம் கார்டுல உள்ளதே போட்டுறவா? வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாதுலா." வயதில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்றவன், போனைக் காதில் வைத்தபடியே மேசைக்குப் போய்க் கிலுகிலுப்பையைக் கையில் எடுத்தேன். நீ நூல் சுற்றி மறைத்ததை நான் கல்லில் வெட்டிக் காட்டுவதா? கார்டில் உள்ளதையே போடச் சொன்னேன். பெயருக்கு மேலே என்ன போடுவது என்று கேட்டார். ‘அக்கா’ என்று போடச் சொன்னேன்.

கிலுகிலுப்பைக்குப் புது நூல் வாங்கிச் சுற்றிவிட்டேன், அதே சிவப்பு. நீ சுற்றியதுபோல நெருக்கமாக வரவில்லை. அது கடைக்குப் போகாது, என் மேசையில்தான் இருக்கும்.

துக்க வருடம், நமக்கு இந்த முறை தீபாவளி இல்லை. சாயங்காலம் கோயிலில் உன் பெயருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வரலாம் என்று வேட்டி கட்டினேன். கட்டி முடித்ததும் குனிந்து கரையைப் பார்த்தேன், அக்கா. நேராகத்தான் இருந்தது.