ஏஞ்சலின் நிறம்

சின்ன காஞ்சிபுரம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் கமலுக்கு,

உன் அப்பா அந்தோணி என் கையாலேயே எழுதுகிறேன். நான் சொல்லி வேறு யாரும் எழுதவில்லை. கோயில் ஹாலில் எட்டு மாதம் முதியோர் வகுப்புக்குப் போன பலன் இது. இதை எழுத மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு வரி முடிந்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுகிறேன். அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் இது கோபத்தில் எழுதும் கடிதம்.

அம்மா நலம். மருமகள் சுகாசினிக்கு உடம்பு தேறிவிட்டது. குழந்தை ஏஞ்சல் ஐந்து மாதத்தில் குப்புற விழுந்து, தலையைத் தூக்கிச் சிரிக்கிறாள்.

ஞானஸ்நானத்தன்று ஸ்டுடியோ சபாபதி எடுத்த போட்டோவை உனக்கு அனுப்பினோம். நீ வேலை செய்யும் பாலைவனத்தில் போனில் வீடியோ வராது. உன் பெண்ணை நீ பார்த்தது அந்த ஒரு போட்டோவில்தான். பார்த்துவிட்டுப் போனில் சொன்னாயே, "என்ன மாதிரி கறுப்பா பொறக்காம தப்பிச்சிக்கினா" என்று. ஸ்பீக்கரில் சுகாசினியும் கேட்டாள். அன்றிலிருந்து குழந்தைக்கு தினம் இரண்டு வேளை கடலை மாவு போட்டுத் தேய்க்கிறாள். கன்னத்தில் தோல் உரிகிறது. அம்மா திட்டினால், "டிசம்பர்ல அவரு வந்து பாத்தா இன்னா சொல்லுவாரு அத்தை" என்று அழுகிறாள்.

கமல், ஏஞ்சல் சிவப்பு இல்லை. சபாபதி கம்ப்யூட்டரில் வெளுத்திருக்கிறான். நாற்பது வருடம் சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சாயத்தில் முக்கி எடுத்தவன் நான். ஒரு சாயல் தப்பினாலும் முதலாளி நூலைத் திருப்பி அனுப்பிவிடுவார். நூலுக்கு இருக்கிற மரியாதை என் பேத்தியின் முகத்துக்கு இல்லையா?

ஸ்டுடியோவுக்கே போய்க் கேட்டேன். "கறுப்பு முகத்த கேமரா எடுக்காது பெருசு. கொஞ்சம் வெளுத்துக் குடுத்தா அல்லாரும் சந்தோஷமா வாங்கிக்கினு போறாங்க" என்றான். நேரே வீட்டுக்கு வந்தேன்.

நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன கேமராவை எடுத்தேன். தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாய், தெரியும். அதில் தமிழ் இருக்கிறது. எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். நிறம் மாற்றுகிற இடத்தில் பல்பு படத்தில் வைத்தால் குழந்தை நீலமாக வந்தாள். மேகப் படத்தில் வைத்தால் மஞ்சள் பூசியது போல இருந்தாள். வாசல் வெளிச்சம் லென்ஸ் கண்ணாடியில் பட்டுப் படம் வெளிறியது. பையில் இருந்த, வெளிச்சத்தை மறைக்கிற கறுப்பு வளையத்தை லென்ஸ் முன்னால் மாட்டினேன். கோணலாக மாட்டிவிட்டதால் நான்கு மூலையும் இருண்டது. திருகிச் சரிசெய்தேன்.

எல்லாம் செய்தும் முகம் கரியாகவே வந்தது. சபாபதி சொன்னது நிஜமோ என்று ஒரு நாள் முழுக்க கேமராவைத் தொடவில்லை. மறுநாள்தான் புத்தி வந்தது. ஏஞ்சலுக்கு வெள்ளை கவுன், பின்னால் வெள்ளைத் துணி. பட்டறையில் வெள்ளை நூல் பக்கத்தில் வைத்தால் அரக்கு நூல் கறுப்பாகத்தான் தெரியும். கேமராவும் அப்படி ஏமாந்திருக்கிறது. துணியை எடுத்தேன். கவுனைக் கழற்றி அம்மாவின் பச்சைப் புடவையில் கிடத்தினேன். கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டினேன். காலை எட்டு மணி, வெயில் நேரே படாத இடம், நாங்கள் சாயம் பார்க்கிற வெளிச்சம். சாம்பிள் பார்ப்பது போல கேமராவில் வந்த படத்தைக் குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் வித்தியாசம் இல்லை.

சபாபதியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, எந்த லென்ஸ் என்று கேட்டான். லென்ஸாம். அவனிடம் பேசிப் பயனில்லை.

உன் சிநேகிதன் பிரேம்நாத் நாளை உங்கள் கேம்புக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதமும் நான் எடுத்த போட்டோவும் கொடுத்தனுப்புகிறேன். நன்றாகப் பார். நெற்றியும் மூக்கும் உன்னுடையவை. நிறம் உன்னுடையது, என்னுடையது. நீ பிறந்தபோது, என் நிறத்திலிருந்து நீ தப்பியிருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன்.

பார்த்ததும் சுகாசினிக்குப் போன் செய். எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு வேண்டாம், அவளுக்கு. என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தர மாட்டேன். உன் குரலைக் கேட்ட பிறகு அவள் கடலை மாவு டப்பாவைச் சமையலறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அது போதும்.

ஆண்டவர் உன்னை நல்லபடி வைக்கட்டும். உன் மகளை உள்ளபடி வைக்கட்டும்.

உன் அப்பா,
ம. அந்தோணி