சப்னாவுக்குப் போடாத வோட்டு

ஆவணி, வெள்ளி இரவு.

மகன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வந்தாறுமூலை கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கிழமையாகப் பகிடிக்கு, விளையாட்டாக ஒரு ஜனாதிபதித் தேர்தல். வேட்பாளர்கள் குகனும் ஏறாவூர் சப்னாவும். "நான் வந்தா பௌர்ணமிக்கு மட்டுமில்ல, கிழமைக்கு ஒரு போயா லீவு" என்றான் குகன். சப்னா பகிடி விடவில்லை. "ராவில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா எந்த ஊருக்கும் அம்புலன்ஸ் வரணும். அவ்வளவுதான் என்ட கொள்கை" என்று எழுதினாள்.

அது யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியும். போன மாரியில் என் மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, வெள்ளத்துக்குள் ஆட்டோ கொண்டுவந்தது அவள் நானா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன்தான்.

"என்ட வோட்டு உனக்குத்தான் புள்ள" என்று அவளிடம் சொல்லியும் இருந்தேன்.

இன்று மாலை வாக்கெடுப்பு. அதற்குச் சற்று முன் குழுவிலுள்ள சுதா எனக்குத் தனியாக அனுப்பினாள்: "பகிடிதான்கா. எண்டாலும் நம்மட வோட்டு நம்மட தமிழ் ஆளுக்கு." நான் குகனுக்குப் போட்டேன். வாக்களிப்பு நிலையத்தில் அட்டை மறைப்புக்குப் பின்னால் நிற்பதுபோல நினைத்துவிட்டேன். யார் யாருக்குப் போட்டார்கள் என்று வாட்ஸ்அப் எல்லாருக்கும் பெயரோடு காட்டும் என்பது போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

குகனே சப்னாவுக்குப் போட்டிருக்கிறான்.

எட்டு மணிக்குச் சப்னாவின் செய்தி வந்தது. "மகன்ட இருமல் குறைஞ்சிட்டா புள்ள?" வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வோட்டை இப்போதும் மாற்றலாம். மாற்றினால் அதையும் அவள் பார்ப்பாள். இன்னும் பதில் எழுதவில்லை.

மகன் இருமுகிறான். எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அவளுக்குப் பதில் எழுத வேண்டும்.