வினா எழுப்பியவரைப் பிணிக்கும் ஆணை

நலம் சூழ்க. ஏழு குன்றும் இரண்டு ஆறும் உடைய வெண்கோட்டு நாட்டின் அரசர், பகைவர் புறம் கண்ட கோ வயமாறர் திருவடி நிழலில், தலைமை அமைச்சர் நன்னாகனார் தம் கையாலேயே எழுதும் ஓலை. சிறைக்கோட்டக் காவலர் கீரங்கொற்றனார் கைக்கொள்க. உம் மனையும் மக்களும் வாழ்க.

முழுமதி நாள்தோறும் எண்ணெய்ச் செக்குக் கொட்டிலில் குயவரும் யானைப்பாகரும் உப்பு விற்கும் பெண்டிரும் கூடி நீதிநூல் கற்பதை நீர் அறிவீர். அங்கே ஆசான் இல்லை. ஒருவர் படிக்க, அருகிருப்பவர் பொருள் உரைப்பார். வினா எழுப்பியவரே மறுமுறை அதற்கு விடையும் கொண்டுவருதல் அவர்கள் வழக்கம்.

அக்கூட்டத்தில் கலகம் முளைக்கிறதா என்று அறிந்துவர, அரசர் நன்னாகனாரை மாறுவேடத்தில் அனுப்பினார். எவரேனும் வாய்தவறட்டும் என்று, அரசன் ஆணையும் பிழையாகுமோ என அவர் தூண்டில் போட்டார். ஒருவரும் கவ்வவில்லை. உப்பு விற்கும் வெண்ணி மட்டும், நல்ல வினா, விடையோடு வாரும் என்று கூறி, தன் அருகே அவருக்கு இடம் ஒதுக்கினாள். வழக்கம் அறியாது வாய்விட்ட அமைச்சர் ஆப்பசைத்த குரங்கானார். மறுமுறை பாதி விடையோடு போய், மீதிக்குத் தவணை கேட்டு வந்தார். இம்முறை வேவுக்காகப் போகவில்லை; அத்தனை மகிழ்ந்து அவர் அமர்ந்த அவை வேறில்லை.

இதற்குள் வேறோர் ஒற்றன் அவ்வினாவை அரசர் செவியில் போட்டான்; கேட்டவர் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அவரை நிலவறையில் அடைக்க வேண்டும், பெயர் கிடைக்காவிடில் கூடியோர் அனைவரையும் அடைக்க வேண்டும் என்று அரசர் பணித்து, ஓலை எழுதும் பொறுப்பை நன்னாகனாரிடமே தந்தார். அந்நிலவறைக்குள் போனவர் மீண்டதில்லை. தூண்டில் என்று உரைத்தால், பின் ஏன் மீண்டும் போனீர் என்பதற்கு மறுமொழி இல்லை. வெண்ணியின் பெயரை எழுதினால் தப்பலாம். எழுத்தாணியை எடுத்தார், வைத்தார், மீண்டும் எடுத்தார். இவ்வோலையின் கோணல் எழுத்துகளைப் பொறுத்தருள்க.

ஆகவே ஆணை. நாளை முழுமதி. வினா எழுப்பியவர் நன்னாகனார். அவரை மட்டும் பிணிக்க. மற்றவர் மேல் ஒரு விரலும் படலாகாது. வெண்ணி ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து அவர் மீதி விடையைச் சொல்லி முடிக்கும்வரை, உம் ஆட்கள் கயிற்றோடு வெளியே காத்திருக்க. இவ்வாணைக்கு மாற்றாணை இல்லை.

நாரை இலச்சினை. நன்னாகன் கை.